மங்கிய ஒளியைக் கண்டவர்

பொரளையில் என்னிடம் பௌதிகம் பயிலும் மாணவனொருவன், பொன்மீதும் வெள்ளிமீதும் மூலக்கூறுகள் தாமே அணிவகுத்து அமைக்கும் ஓரடுக்குப் போர்வையை எக்ஸ் கதிர் எங்ஙனம் ஆராய்கிறது என்று வினவினான். கதிர் பட்டதும் வெளிப்படும் இலத்திரன்களின் சக்தியை அளந்து, அங்குள்ள அணு இன்னதென அறிவர் என்றேன். பிணைப்பின் அதிர்வை உணர்த்துவதோ இராமன் ஒளி. அதைச் சொல்லும்போதெல்லாம் கே. எஸ். கிருஷ்ணனின் நினைவே எனக்கு மேலிடும்.

1898இல் வத்திராயிருப்பிற் பிறந்த இவர், மதுரையிலும் சென்னையிலும் கற்று, 1920இல் கல்கத்தா சென்று இராமனிடம் சேர்ந்தார். சிதறும் எக்ஸ் கதிரின் அலைநீளம் மாறுவதைக் கொம்ப்டன் 1923இல் காட்டியிருந்தார். கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் அத்தகைய மாற்றம் உண்டோ? 1928 பெப்ரவரியில், சூரிய ஒளியைத் திரவங்களினூடே செலுத்தி, அதில் எழுந்த மங்கிய ஒளியை நாள்தோறும் தம் கண்ணாலேயே கூர்ந்து நோக்கியவர் கிருஷ்ணன். 'நேச்சர்' இதழில் வெளிவந்த முதற் கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன. 1930இல் நோபெல் பரிசோ இராமனுக்கு மட்டும். அது எனக்கு இன்றும் உறுத்தலே.

கிருஷ்ணன் டாக்கா சென்றார். பளிங்குகளின் காந்த இயல்பை ஆராய்ந்தார். 1947இல் டெல்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநரானார். 1961இல் மறைந்தார்.

1974இல் சவுதாம்ப்டனில், கரடாக்கிய வெள்ளி மின்வாயிற் படிந்த பிரிடீன் மூலக்கூறுகளிலிருந்து அதே ஒளி ஆய்வாளருக்குக் கிட்டிற்று. அதைக் காண அவர் இல்லை.