நீலமலையும் அயோத்திதாசப் பண்டிதரும்

தமிழகத்தில் பௌத்தம் என்பது மணிமேகலைக் காப்பியத்தோடும், ஆற்றங்கரைகளிலும் வயல்வெளிகளிலும் கிடக்கும் சில கற்சிலைகளோடும் முடிந்துபோன சமயம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. அதனை எளிய மக்களின் வாழ்வுநெறியாக மீண்டும் நிலைநிறுத்தப் பதினாறு ஆண்டுகள் இடையறாது உழைத்தவர் அயோத்திதாசப் பண்டிதர். அன்னாரின் பொதுவாழ்வு அரும்பிய இடம் நீலகிரி என்பது எண்ணி மகிழத்தக்கது.

1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்த பண்டிதரின் இயற்பெயர் காத்தவராயன். தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியரின் பெயரையே நன்றியறிதலோடு தம் பெயராக ஏற்றுக்கொண்டார். இளமையிலேயே குடும்பத்துடன் உதகை வந்து வளர்ந்தார். 1870ஆம் ஆண்டளவில் அங்கு அவர் நிறுவியது அத்வைதானந்த சபை. உயிர்களிடையே வேற்றுமையில்லை எனும் தத்துவம் மனிதரிடையே உள்ள சாதி வேற்றுமையையும் அகற்றும் என அந்நாளில் அவர் நம்பினார்.

1891 டிசம்பர் 1ஆம் நாள், திராவிட மகாஜன சபையின் மாநாட்டை நீலகிரியில் கூட்டி, ஒடுக்கப்பட்டோர் உரிமைக்கான பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றச் செய்தார். அடுத்த ஆண்டு சென்னையில் நடைபெற்ற மகாஜன சபைக் கூட்டத்திற்கு நீலகிரியின் பேராளராகச் சென்றார். சிவனும் திருமாலும் எல்லார்க்கும் பொதுவாயின், ஒடுக்கப்பட்டோரைக் கோயிலினுள் விடாதது ஏன் என்று அவர் வினவினார். மதுரைவீரனும் கருப்பண்ணனுமே அம்மக்களுக்குரிய தெய்வங்கள் என்ற மறுமொழி அவையில் எழுந்தது. அவ்வாறெனில் அத்தெய்வங்களும் வேண்டா என்றார் பண்டிதர். மக்களுக்கு இலவசக் கல்வியும் தரிசு நிலமும் தருமாறு கோரினார். தத்துவத்தில் அவர் வைத்திருந்த நம்பிக்கை தளர்ந்ததும், வேறொரு நெறியைத் தேடத் தொடங்கியதும் இத்தகைய பட்டறிவால்தான் எனலாம்.

அத்தேடல் 1898இல் நிறைவுற்றது. கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று, சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். அவ்வாண்டே இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்து மூன்று.

சமயம் மாறுதல் ஒருநாட் செயல். மாறியவர்களை ஒரு சமுதாயமாகக் காத்து வளர்த்தலோ வாழ்நாட் பணி. பண்டிதரின் பெருமை இப்பின்னதிலேயே அடங்கியுள்ளது. மருத்துவத் தொழிலை நடத்திக்கொண்டே சங்கக் கூட்டங்களில் அறவுரை ஆற்றினார். திருமணம், இறுதிச் சடங்கு முதலியவற்றிற்குப் பௌத்த முறைகளை வகுத்தார். கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர் முதலிய ஊர்களிலும், கடல்கடந்து இரங்கூனிலும் கிளைகள் தோன்றின. சுரங்கத்தில் நாளெல்லாம் உழைத்தவர்கள் மாலையில் சங்கத்தில் கூடித் தம்மம் கேட்டனர்.

தொலைவிலிருந்த இவ்வன்பர்களை ஒன்றிணைக்கும் பாலமாக, 1907 ஜூன் 19ஆம் நாள் ஒரு பைசாத் தமிழன் எனும் வார இதழைத் தொடங்கினார். ஓராண்டிற்குப் பின் அது தமிழன் எனப் பெயர் பெற்றது. புத்தர் வரலாற்றைத் தமிழ் நூல்களின் துணைகொண்டு அவர் எழுதிய ஆதிவேதம் 1912இல் நூல்வடிவம் பெற்றது. திருக்குறளைத் திரிபிடகத்தோடு இயைத்துத் திரிக்குறள் எனவும், ஔவையின் அறநூல்களைத் திரிவாசகம் எனவும் கண்டார். அவர்தம் சொல்விளக்கங்கள் சிலவற்றை மொழிநூலார் ஏற்பதில்லை. எனினும், இழிந்தோர் எனப்பட்ட மக்களுக்கு அறிவு மரபொன்றின் உரிமையாளர் எனும் தன்மதிப்பை அவ்விளக்கங்கள் அளித்தன என்பதை மறுத்தற்கியலாது.

1914 மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். தலைவரோடு சங்கமும் மறைந்துவிடவில்லை. 1926இல் தங்கவயல் அன்பர்கள் தமிழன் இதழுக்கு மீண்டும் உயிரூட்டினர். ஆயினும் தமிழ் இலக்கிய வரலாறுகள் அவர் பெயரைப் பல்லாண்டுகள் மறந்திருந்தன. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் அவர்தம் எழுத்துகள் வெளிவந்த பின்னரே கல்வியுலகம் விழிப்புற்றது.

அண்ணல் அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவுவதற்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகள் முன்னரே தமிழ் மண்ணில் அவ்வறவிளக்கை ஏற்றியவர் பண்டிதர். ஏற்றிய கையாலேயே இறுதிவரை அதற்கு நெய்யும் வார்த்தார். நீலமலை பெருமையுடன் நினைவுகூரத்தக்க வாழ்வு அது.