பிரெடெரிக் லான்செஸ்டர்

பிரெடெரிக் வில்லியம் லான்செஸ்டர் (அக்டோபர் 23, 1868 – மார்ச் 8, 1946) இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். பிரித்தானியாவின் தொடக்ககாலத் தானுந்து வடிவமைப்பாளர்களுள் முதன்மையானவராகவும், விமான இறக்கை தூக்குவிசை பெறும் முறையை விளக்கிய முன்னோடிகளுள் ஒருவராகவும் அறியப்படுகிறார். இவருடைய ஆக்கங்களுள் மிகப் பரவலாகப் பயன்படுவது கிராங்க் தண்டின் முறுக்கதிர்வை அடக்கும் தணிப்பி ஆகும். இக்காலக் கார் எஞ்சின்களில் அது பெரும்பாலும் முன்முனையில் பெல்ட் ஓடும் புல்லியோடு இணைந்தே இருப்பதால், அதனைத் தனி உறுப்பாக அறிந்தோர் குறைவு.

இளமைக்காலம்

இலண்டனின் லூயிஷாம் பகுதியில் பிறந்தார். தந்தை ஹென்றி ஜோன்ஸ் லான்செஸ்டர் கட்டடக் கலைஞர். தாய் ஆக்டேவியா இலத்தீனும் கணிதமும் கற்பித்தவர். எட்டுப் பிள்ளைகளில் இவர் நான்காமவர். அண்ணன் ஹென்றி வாகன் லான்செஸ்டர் தந்தையின் தொழிலைத் தொடர்ந்தார். ஜோத்பூரின் உமைத் பவன் அரண்மனையை வடிவமைத்தவரும், சென்னை மாகாண நகரமைப்பைப் பற்றி 1918இல் நூல் வெளியிட்டவரும் அவரே.

சவுத்தாம்ப்டனின் ஹார்ட்லி கல்லூரியிலும் பின்னர் இலண்டனின் தென் கென்சிங்டனிலும் பிரெடெரிக் பயின்றார். பட்டம் எதுவும் பெறாமலே கல்வியை முடித்துக்கொண்டார். பின்னர் பர்மிங்காமின் சால்ட்லி பகுதியில் இருந்த, வாயு எஞ்சின் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் உதவி மேலாளராகச் சேர்ந்தார். எஞ்சினின் வேகத்தைச் சீராக வைக்கும் கருவி, எஞ்சினை எளிதாகத் தொடக்கும் கருவி ஆகியவற்றை அங்கு உருவாக்கினார்.

தானுந்துகள்

லான்செஸ்டரின் முதல் தானுந்து 1895இல் கட்டப்பட்டு 1896இல் சாலையில் ஓடியது. குதிரை வண்டியில் எஞ்சினைப் பொருத்துவதே அந்நாளில் பலருடைய வழக்கமாக இருக்க, இவர் வண்டி முழுவதையும் அடிப்படையிலிருந்து சிந்தித்து வடிவமைத்தார். அதன் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் ஒரே பிஸ்டன் இரண்டு கிராங்க் தண்டுகளை எதிரெதிர்த் திசைகளில் சுழற்றியது. ஒன்றின் உலுக்கலை மற்றொன்று ஈடுசெய்ய வேண்டும் என்பதே நோக்கம். அதிர்வை எதிர்த்து இவர் வாழ்நாள் முழுவதும் நடத்திய போராட்டம் இவ்வாறு முதல் வண்டியிலேயே தொடங்கிவிட்டது எனலாம். அதன் ஆற்றல் போதாமையால் 1897இல் இரு சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது.

1899இன் இறுதியில் லான்செஸ்டர் எஞ்சின் நிறுவனம் தொடங்கப்பட்டது. தம்பியரான ஃபிராங்கும் ஜார்ஜும் உடன் உழைத்தனர். எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் இந்நிறுவனத்தின் வண்டிகளை வாங்கியவர்களுள் ஒருவர். தட்டு நிறுத்தி எனப்படும் டிஸ்க் பிரேக்கிற்கு 1902இல் லான்செஸ்டர் காப்புரிமை பெற்றார். ஆனால் அது பொதுவழக்கிற்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. வண்டிகளுக்கு நற்பெயர் இருந்தும் முதலீடு போதவில்லை. 1904இல் நிறுவனம் நொடித்து, அடுத்த ஆண்டு புதிய பெயரில் மறுசீரமைக்கப்பட்டது. இயக்குநர்களோடு ஒத்துப்போகாத பிரெடெரிக் படிப்படியாக விலகினார். 1909இல் டெய்ம்லர் நிறுவனத்தின் ஆலோசகரானார். லான்செஸ்டர் வண்டிகளின் வடிவமைப்புப் பொறுப்பு தம்பி ஜார்ஜிடம் சென்றது.

முறுக்கதிர்வுத் தணிப்பி

அக்காலத்தில் தானுந்து நிறுவனங்கள் நான்கு சிலிண்டரிலிருந்து ஆறு சிலிண்டர் எஞ்சின்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஒரே வரிசையில் அமைந்த ஆறு சிலிண்டர்களின் விசைகள் ஒன்றையொன்று நன்கு ஈடுசெய்வதால் அவ்வெஞ்சின் மென்மையாக ஓட வேண்டும். ஆயினும் சில குறிப்பிட்ட வேகங்களில் கடுமையாக அதிர்ந்தது. சில எஞ்சின்களில் கிராங்க் தண்டே முறிந்தது. ரோல்ஸ்-ராய்ஸின் முதல் ஆறு சிலிண்டர் வண்டிகளும் இச்சிக்கலைச் சந்தித்தன.

காரணம் தண்டின் நீளத்தில் இருந்தது. எஃகுத் தண்டு பார்வைக்கு விறைப்பானது எனினும், நீண்ட தண்டு ஒரு சுருள்வில்லைப் போல முறுகி மீளும். நான்கடி எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள், தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மூன்று முறை தண்டை உந்துகின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு தண்டின் இயல்பான முறுக்கு அதிர்வெண் நொடிக்கு 150 எனக் கொள்வோம். நிமிடத்திற்கு 3000 சுற்று, அதாவது நொடிக்கு 50 சுற்று வேகத்தில், உந்துதல்களின் எண்ணிக்கையும் நொடிக்கு 150 ஆகும். அப்போது ஒத்ததிர்வு ஏற்படுகிறது. ஒவ்வோர் உந்துதலும் முந்தைய அலைவை மேலும் பெருக்க, தண்டு களைப்புற்று ஒருநாள் முறிகிறது. தண்டைத் தடிமனாக்குவதால் இந்த ஆபத்தான வேகம் மேலே தள்ளிப்போகுமே தவிர மறையாது.

லான்செஸ்டர் 1910ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய தீர்வு எளிமையானது. பின்முனையில் உள்ள பெரிய ஃபிளைவீல் தண்டின் அம்முனையை அதிகம் அலையவிடாது. எனவே முறுக்கலைவு மிகுதியாகத் தோன்றுவது முன்முனையிலேயே. அங்கு ஒரு சிறிய ஃபிளைவீலை வைத்தார். ஆனால் அதனைத் தண்டோடு இறுகப் பிணைக்கவில்லை. எண்ணெய் இடைப்பட்ட தட்டுகளின் வழியாகத் தண்டு அதனை இழுத்துச் செல்லுமாறு அமைத்தார். தண்டு சீராகச் சுழலும்போது இரண்டும் சேர்ந்தே சுழல்கின்றன. தண்டு முன்னும் பின்னுமாக நடுங்கும்போது, நிலைமத்தால் வளையம் அந்நடுக்கத்தில் சேராமல் தன் சீரான வேகத்தைத் தொடர்கிறது. இரண்டிற்கும் இடையே சிறு வழுக்கல் ஏற்பட்டு, அதிர்வின் ஆற்றல் எண்ணெயில் வெப்பமாக மாறுகிறது.

இதில் நுட்பம் பிணைப்பின் அளவில் உள்ளது. பிணைப்பு மிக இறுகினால் வளையம் தண்டின் ஒரு பகுதியாகிவிடும். அதிர்வு குறையாது, அதன் அதிர்வெண் மட்டும் சற்று இறங்கும். பிணைப்பு மிகத் தளர்ந்தால் வளையம் பயனின்றித் தனியே சுழலும். இரண்டிற்கும் நடுவே அதிர்வு மிகக் குறையும் ஓர் உராய்வு அளவு உண்டு. அது வளையத்தின் நிலைமத்தையும் எஞ்சினின் நிலைமத்தையும் பொறுத்தது. ஹென்றி ராய்ஸும் தம் எஞ்சின்களுக்கு உராய்வால் இயங்கும் தணிப்பியைத் தனியே அமைத்தவர் என்பதால், இதில் முதன்மை யாருக்கு என்பது விவாதத்திற்குரியது. எனினும் அதிர்வியல் பாடநூல்களில் இவ்வகை அமைப்பு இன்றும் லான்செஸ்டர் தணிப்பி என்றே வழங்குகிறது.

மாற்றுத் தணிப்பியைத் தேர்ந்தெடுத்தல்

பின்னாளில் எண்ணெய்த் தட்டுகளுக்குப் பதிலாக, மையத்திற்கும் வெளிவளையத்திற்கும் இடையே ரப்பர் பட்டை ஒட்டும் முறை தானுந்துகளில் பரவியது. ரப்பர் ஒரு வில்லைப் போலவும் செயற்படுவதால் இத்தணிப்பி குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணுக்கு இசைவிக்கப்படுகிறது. மூடிய கூட்டுக்குள் கெட்டியான சிலிக்கோன் பாகில் வளையம் மிதக்கும் வகை லான்செஸ்டரின் மூல அமைப்பிற்கு நெருக்கமானது. அது பரந்த வேக எல்லையில் பயன்தரும்.

எஞ்சினின் திறனை உயர்த்துவோர் தணிப்பியை மாற்றும்போது இவ்வேறுபாடு முக்கியமாகிறது. மூல எஞ்சினுக்கு இசைவிக்கப்பட்ட ரப்பர் தணிப்பி, கிராங்க் தண்டு, பிஸ்டன், உச்ச வேகம் ஆகியவை மாறிய பின் பொருந்தாமற் போகலாம். தணிப்பியையே நீக்கிவிட்டு எடை குறைந்த அலுமினியப் புல்லியைப் பொருத்தும் வழக்கமும் உண்டு. எஞ்சின் சற்று விரைவாக வேகம் பிடிப்பது உண்மை. ஆனால் நீண்ட தண்டுடைய ஆறு சிலிண்டர் எஞ்சினில் அது 1900களின் சிக்கலைத் திரும்ப அழைப்பதாகும். தண்டு முறியாவிட்டாலும், தண்டின் முன்முனையால் இயக்கப்படும் எண்ணெய் பம்பின் பற்சக்கரங்கள் உடையக்கூடும்.

சில எஞ்சின்களில் தணிப்பியே தண்டின் எடைச் சமநிலையின் ஒரு பகுதியாகவும் உள்ளது. செவ்ரோலெட்டின் 400 கன அங்குல வி-8 எஞ்சின் அத்தகையது. அதில் சமநிலை எடை இல்லாத தணிப்பியைப் பொருத்தினால் எஞ்சின் முழுவதும் உலுக்கும். பழைய ரப்பர் தணிப்பியில் வெளிவளையம் நழுவியிருந்தால் அதன் மேலுள்ள தீப்பொறி நேரக் குறியீடும் இடம் மாறியிருக்கும். வெளித்தோற்றத்தில் நல்ல நிலையில் உள்ள பழைய உறுப்பை வாங்குவோர் இதனைச் சோதிப்பது தேவை. ஓட்டப் பந்தயங்களுக்கான தணிப்பிகளுக்கு அமெரிக்காவின் எஸ்எஃப்ஐ அமைப்பு 18.1 என்ற தர வரையறையை வைத்துள்ளது. ஆனால் அது உயர்வேகத்தில் சிதறாமை பற்றியது. குறித்த எஞ்சினுக்குப் பொருத்தமானதா என்பதை அது கூறாது.

சமநிலைத் தண்டுகள்

வரிசையாக அமைந்த நான்கு சிலிண்டர் எஞ்சினில், கிராங்க் தண்டின் வேகத்தைப் போல் இருமடங்கு அதிர்வெண்ணில் மேலும் கீழுமான உலுக்கல் உண்டு. இதனை ஈடுசெய்ய, இருமடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு எடைத் தண்டுகளை லான்செஸ்டர் வடிவமைத்தார். மிட்சுபிஷி நிறுவனம் 1970களில் இக்கருத்தை மேம்படுத்திப் புழக்கத்திற்குக் கொணர்ந்தது. போர்ஷே தன் 944 வண்டிக்கு அந்நிறுவனத்திடம் உரிமம் பெற்றது. ஹார்மோனிக் பேலன்சர் என்று லான்செஸ்டரின் காலத்தில் அழைக்கப்பட்டது இந்தத் தண்டு அமைப்பே. பின்னாளில் அப்பெயர் முறுக்கதிர்வுத் தணிப்பிக்கு ஒட்டிக்கொண்டதால் குழப்பம் நேர்கிறது. தணிப்பியின் அடிப்படைப் பணி எதையும் சமன்செய்வதன்று.

வானூர்தியியலும் போர்க் கணிதமும்

இறக்கையைச் சுற்றிக் காற்று சுழல்வதாலேயே தூக்குவிசை பிறக்கிறது என்றும், இறக்கையின் நுனிகளிலிருந்து சுழல்கள் பின்னோக்கி நீள்கின்றன என்றும் லான்செஸ்டர் கருதினார். 1894இல் பர்மிங்காமில் இக்கருத்துகளைப் பற்றி உரையாற்றினார். 1897இல் அளித்த கட்டுரையை இலண்டன் இயற்பியல் கழகம் ஏற்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து 1907, 1908 ஆகிய ஆண்டுகளில் இரு நூல்களாக வெளியிட்டார். ஆனால் அவற்றின் நடையும் அவரே புனைந்த கலைச்சொற்களும் படிப்போரைத் திணறச் செய்தன. விமானம் மெல்ல ஏறியிறங்கும் அலைவுக்கு அவர் இட்ட ஃபியூகாய்டு என்ற பெயர், பறத்தலைக் குறிக்கும் என்று எண்ணித் தப்பியோடுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். செருமனியின் லுட்விக் பிராண்டல் இதே கோட்பாட்டைக் கணித வடிவில் நிறுவிய பின்னரே அது பொறியாளர்களுக்குப் பயன்பட்டது.

முதல் உலகப்போர்க் காலத்தில், தொலைவிலிருந்து சுடும் போரில் ஒரு படையின் வலிமை அதன் எண்ணிக்கையின் இருபடிக்கு ஏற்ப அமையும் என்று காட்டினார். 1916இல் நூலாக வந்த இவ்விதி செயற்பாட்டு ஆய்வியலின் தொடக்ககால ஆக்கங்களுள் ஒன்று. அத்துறையில் லான்செஸ்டர் பரிசு இவர் பெயரால் வழங்கப்படுகிறது.

இறுதிக்காலம்

1919இல் டொரோதியா கூப்பரை மணந்தார். 1922இல் அரச கழக உறுப்பினரானார். 1931இல் டேனியல் குகன்ஹைம் பதக்கம் பெற்றார். பெருமைகள் சேர்ந்த அளவிற்குப் பொருள் சேரவில்லை. 1925இல் தொடங்கிய ஆய்வக நிறுவனம் நிலைக்கவில்லை. 1931இல் லான்செஸ்டர் மோட்டார் நிறுவனத்தை டெய்ம்லரின் தாய் நிறுவனமான பிஎஸ்ஏ வாங்கிக்கொண்டது. நடுக்குவாத நோயும் மங்கிய பார்வையும் இறுதி ஆண்டுகளில் இவரை வாட்டின. பர்மிங்காமின் மோஸ்லியில் தாம் கட்டிய வீட்டில் தொடர்ந்து வாழவே பிறர் உதவி தேவைப்பட்டது. 1946இல் அவ்வீட்டிலேயே காலமானார்.

கோவென்ட்ரியில் 1970இல் உருவான பல்தொழில்நுட்பக் கல்லூரி 1987 வரை இவர் பெயரைத் தாங்கியிருந்தது. பின்னர் அது கோவென்ட்ரி பல்கலைக்கழகமாயிற்று. பர்மிங்காமின் புளூம்ஸ்பரி பகுதியில் முதல் லான்செஸ்டர் தானுந்தை நினைவூட்டும் சிற்பம் ஒன்று உள்ளது.