வாளால் கிடைத்த அரியணையும் மதத்தால் தேடிய அங்கீகாரமும்

உரோமப் பேரரசின் பிற்காலத்தில் மத்திய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்து, தம்மைப் பேரரசராகப் பிரகடனப்படுத்திக்கொண்ட தளபதிகள் பலர். அவர்களுள் மக்னஸ் மக்சிமஸ் ஆண்ட காலம் ஐந்து ஆண்டுகளே. எனினும், மதக் கருத்துவேறுபாட்டின் மீது அரசின் வாள் பாய்ந்தால் என்ன நேரும் என்பதை அவரது வரலாறு தெளிவாக உணர்த்துவதால் அதனை இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

ஸ்பெயினில் பிறந்த மக்சிமஸ், பிரிட்டனிலும் வட ஆபிரிக்காவிலும் போர்புரிந்து பெயர்பெற்ற படைவீரர். மேற்குப் பகுதியை ஆண்ட இளம் பேரரசர் கிரேசியன், அலன் இனத்து வில்லாளருக்குச் சலுகை காட்டியதால் உரோமப் படையினர் அதிருப்தியுற்றிருந்தனர். கி.பி. 383 இல் பிரிட்டனிலிருந்த படைகள் மக்சிமஸைப் பேரரசராக அறிவித்தன. அவர் கடல் கடந்து இன்றைய பிரான்ஸ் மண்ணில் கால்பதித்தபோது கிரேசியனின் வீரர்கள் கட்சி மாறினர். தப்பியோடிய கிரேசியன் அவ்வாண்டு ஓகஸ்ட் 25 ஆம் திகதி லியோன் நகரில் கொல்லப்பட்டார்.

மக்சிமஸ் இன்றைய ஜேர்மனியிலுள்ள ட்ரியர் நகரைத் தலைநகராக்கினார். பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின் பகுதிகள் அவரது ஆட்சிக்குட்பட்டன. இத்தாலியோ கிரேசியனின் தம்பியும் 12 வயதுச் சிறுவனுமாகிய இரண்டாம் வலன்டீனியனிடம் இருந்தது. கிழக்கே தியோடோசியஸ் வலிமையுடன் ஆண்டார். முறையான பேரரசரின் இரத்தத்தின் மீது அரியணை ஏறியவருக்கு அங்கீகாரம் தேவைப்பட்டது. அதனை அவர் மதத்தில் தேடினார். உண்மை விசுவாசத்தின் காவலர் எனத் தம்மைக் காட்டிக்கொள்ளத் தலைப்பட்டார்.

அதற்கான வாய்ப்பு ஸ்பெயினிலிருந்து வந்தது. அவிலா நகரின் ஆயர் பிரிசில்லியன் கடுந்துறவை வலியுறுத்திப் பலரை ஈர்த்தவர். ஏனைய ஆயர்கள் சிலர் அவரைக் கொள்கை பிறழ்ந்தவர் எனக் கண்டித்தனர். போர்டோ நகரில் கூடிய ஆயர் மன்றத்தின் விசாரணையை ஏற்காத அவர் பேரரசரிடமே முறையிட்டார். மந்திரவாதம் புரிந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 385 அளவில் ட்ரியரில் அவரும் சீடர்கள் சிலரும் கொல்லப்பட்டனர். யூக்ரோசியா என்ற விதவையும் அவர்களுள் ஒருவர். கிறிஸ்தவ அரசொன்றினால் கொள்கை வேறுபாட்டின் பேரில் கொல்லப்பட்ட முதல் கிறிஸ்தவர் பிரிசில்லியனே என வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர்.

இக்கொலையை எதிர்த்தவர்கள் அதே மதத்தின் பெரியோர் என்பதே நாம் கவனிக்கவேண்டியது. தூர் நகர ஆயர் மார்ட்டின், இரத்தம் சிந்த வேண்டாமென மக்சிமஸிடம் மன்றாடி வாக்குறுதியும் பெற்றார். அவர் ட்ரியரை விட்டு அகன்ற பின்னர் வாக்குறுதி காற்றில் பறந்தது. மிலான் ஆயர் அம்புரோஸ் முன்னர் பிரிசில்லியனுக்கு ஆதரவளிக்க மறுத்தவர். அவரும் கொலைக்குத் துணைநின்ற ஆயர்களோடு வழிபாட்டு உறவு கொள்ள மறுத்தார். கொள்கையை ஏற்காமை வேறு, உயிரைப் பறித்தல் வேறு என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர்.

இதே மக்சிமஸ், உரோமில் யூதர்களின் தொழுகைக்கூடம் எரிக்கப்பட்டபோது பொது ஒழுங்கைக் காக்க ஆணை அனுப்பினார் என்பதையும் குறிப்பிடாது விட முடியாது. நீதியாக நடக்கத் தெரியாதவரல்லர் அவர். ஆயினும் பிரிசில்லியன் விடயத்தில் அவரிடம் நீதியைவிட அதிகாரத்தின் தேவையே மேலோங்கியது.

வலன்டீனியனின் அரசவை ஆரியக் கொள்கையினரை ஆதரித்ததைக் கண்டித்தெழுதிய மக்சிமஸ், 387 இல் இத்தாலி மீது படையெடுத்தார். வலன்டீனியன் தாயுடன் கிழக்கே தஞ்சமடைந்தார். மறு ஆண்டு தியோடோசியஸ் படைதிரட்டி வந்து மக்சிமஸை இருமுறை தோற்கடித்தார். 388 ஓகஸ்ட் 28 ஆம் திகதி அக்குயிலேயா நகரருகே மக்சிமஸ் கொல்லப்பட்டார். இணைப் பேரரசராக்கப்பட்டிருந்த அவரது மகன் விக்டரும் தப்பவில்லை.

வேல்ஸ் மக்கள் மக்சிமஸை மக்சன் என்ற பெயரில் இன்றும் தம் பழங்கதைகளில் போற்றுகின்றனர். பிரிசில்லியனின் உடலோ ஸ்பெயினுக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தியாகியின் உடலாக வணங்கப்பட்டது. வாள் ஒழிக்க முயன்ற அவரது கொள்கையை 561 இல் பிராகா நகரில் கூடிய ஆயர் மன்றம் மீண்டும் கண்டிக்க வேண்டியிருந்தது. மக்சிமஸின் ஆட்சி ஐந்தாண்டில் முடிந்தது. அவர் கொன்ற மனிதரின் நம்பிக்கையோ ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. மதத்தின் பெயரால் தம் பலவீனத்தை மறைக்க முனையும் ஆட்சியாளர் எவரும் இவ்வரலாற்றை மறக்கலாகாது என்பதே நமது கருத்தாகும்.