மட்டையும் வளைகோலும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சென்ற பருவத்தில் இயற்பியல் செய்முறைத் தேர்வும், வளைகோல் பந்தாட்ட அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. ஐந்தருவியில் அப்பா வைத்திருக்கும் சீசன் பழக்கடையில் அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எனவே மறுநாள் ஆய்வகத்துக்குத்தான் போனேன். அதன் பிறகுதான் எம். ஜே. கோபாலனின் வரலாற்றைப் படித்தேன்.

செங்கற்பட்டுச் சீமையின் மொரப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1909 ஜூன் 6இல் பிறந்தவர் கோபாலன். வளர்ந்தது சென்னைத் திருவல்லிக்கேணியில். அவருடைய வேகப் பந்துவீச்சைக் கண்டு வியந்து கைதூக்கி விட்டவர் சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. பந்து வீசத் தெரிந்ததால் ஒருவருக்குச் சோறு கிடைத்த காலம் அது!

1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணியை எதிர்த்து டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார். ஒரு விக்கெட் வீழ்த்தினார். அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், ரஞ்சிக் கோப்பைப் போட்டி சேப்பாக்கத்தில் பிறந்தது. சென்னைக்கும் மைசூருக்கும் நடந்த அந்த ஆட்டத்தில் முதல் பந்தை வீசியவர் நம் கோபாலனே. ஆட்டமோ ஒரே நாளில் முடிந்து போயிற்று! ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, சென்னை வென்றது.

மறு ஆண்டு கையில் வளைகோல். 1935இல் தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய அணியில் கோபாலனும் இருந்தார். அந்தப் பயணத்தில் ஆடிய 48 ஆட்டங்களிலும் வெற்றி.

இனித்தான் சோதனை. 1936இல் பெர்லினில் ஒலிம்பிக். அதே கோடையில் இங்கிலாந்தில் கிரிக்கெட் சுற்றுப்பயணம். ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் உண்டென்றே பலரும் எண்ணியிருந்தனர். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். விஜயநகரம் இளவரசர் தலைவராக இருந்த அந்த அணியில் பூசல்களுக்குப் பஞ்சமில்லை; அமர்நாத்தையே பாதியில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நடந்த மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூடக் கோபாலனுக்கு இடமில்லை. ஆகஸ்ட் 15 அன்று லண்டன் ஓவல் திடலில் மூன்றாம் டெஸ்ட் அவரில்லாமல் தொடங்கியது. அதே நாளில் பெர்லினில் ஜெர்மனியை 8–1 என்று வீழ்த்தித் தியான்சந்தின் அணி தங்கம் வென்றது. ஓராண்டுக்கு முன் கோபாலனோடு ஆடிய தோழர்கள் அந்த அணியில் இருந்தார்கள்.

அவர் தவறிழைத்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கப்பல் ஏறும்போது கரையில் நிற்பவனுக்கு என்ன தெரியும்?

அதன் பின்பும் சென்னை அணிக்குப் பல ஆண்டுகள் உழைத்தார். சென்னைக்கும் இலங்கைக்கும் நடந்த போட்டிக்கு 1950களில் கோபாலன் கோப்பை என்றே பெயர் வைத்தார்கள். 2003 டிசம்பரில், 94ஆம் வயதில் அவர் மறைந்தபோது, உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் உலகிலேயே மூத்தவர் அவர். ஆடிய டெஸ்ட் அந்த ஒன்றே ஒன்றுதான்.