சம்பளம் கேட்காமல் காடு மலை சுற்றியவர்

படிப்பு மெட்ரிக்குலேஷன். அதுவும் தட்டுத் தடுமாறித் தேறியது. பட்டம் கிடையாது. முப்பது வயதைத் தாண்டிய நேரத்தில் இருந்த வேலையும் போயிற்று. இந்தியப் பறவைகளைப் பற்றி உலகத்தில் எவருக்குச் சந்தேகம் வந்தாலும் இவரைத்தான் கேட்க வேண்டும் என்று பிற்காலத்தில் பெயர் வாங்கிய சலீம் அலியின் இளமை இப்படித்தான் இருந்தது.

1896 நவம்பர் 12-ந் தேதி பம்பாய் கேத்வாடியில் பிறந்தார். ஒரு வயதில் தந்தை போனார்; மூன்று வயதில் தாயும் போனார். தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜி வீட்டில் வளர்ந்தார். பத்து வயதுப் பையனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்டு என்ற வெள்ளைக்காரர், பையனை விரட்டாமல் உட்கார வைத்து, இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். அன்று பிடித்த பைத்தியம் எண்பது ஆண்டுகள் விடவில்லை.

தலைவலித் தொல்லையால் படிப்பு பாதியில் நின்று நின்று போனது. 1913-ல் மெட்ரிக் தேறினார். பிறகு பர்மாவில் தவாய் என்ற ஊருக்குப் போய் அண்ணனுடைய சுரங்கம், மரத் தொழிலில் சேர்ந்தார். தொழிலைவிடச் சுற்றியிருந்த காட்டில்தான் மனம் போயிற்று. நடுவில் பம்பாய் திரும்பிக் கணக்கு எழுதப் படித்தார். கூடவே சேவியர் கல்லூரியில் விலங்கியலும் படித்தார். 1918-ல் தெஹ்மினா என்ற பெண்ணை மணந்தார். பர்மா வியாபாரம் நொடித்துப் போகவே, ஊருக்குத் திரும்பி வேலை தேடினார்.

பட்டம் இல்லாத குறை

இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவை நிபுணர் பதவி ஒன்று காலியாக இருந்தது. பட்டம் இல்லை என்ற காரணத்தால் அது கிடைக்கவில்லை. 1926-ல் பம்பாய் மியூசியத்தில், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போய், பெர்லினில் ஸ்ட்ரெசெமான் என்ற பேராசிரியரிடம் பறவை ஆராய்ச்சி பயின்றார். 1930-ல் திரும்பி வந்து பார்த்தால், நிதி இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்!

அலிபாக் பக்கம் கடற்கரைக் கிராமமான கிஹிமில் போய்த் தங்கினார்கள் கணவனும் மனைவியும். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலை இல்லாத மனிதர்; பொழுது நிறைய. மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து பார்த்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி வைக்கிறது. பெண் வந்து பார்த்துப் பிடித்திருந்தால் குடியேறுகிறது. உடனே ஆண் இன்னொரு கூடு கட்டத் தொடங்கி, வேறொரு பெண்ணை எதிர்பார்க்கிறது. பறவை உலகம் அவரைத் திரும்பிப் பார்க்க வைத்த ஆராய்ச்சிகளில் இது ஒன்று.

சுதேச சமஸ்தானங்களில்

அடுத்துச் செய்ததுதான் துணிச்சல். சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன். முகாம் செலவும் பயணச் செலவும் கொடுத்தால் போதும், எனக்குச் சம்பளம் வேண்டாம் என்று முன்வந்தார். வேலை கிடைக்காதவர் சம்பளம் வேண்டாம் என்று சொல்வது விசித்திரந்தான். ஆனால் காட்டுக்குள் போக அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

1931-ல் ஹைதராபாத், 1933-ல் திருவாங்கூர், கொச்சி. மோட்டார் போகிற மட்டும் மோட்டார். அப்புறம் மாட்டுவண்டி. வண்டியும் ஏறாத மலையில் கால்தான். மறையூர் மலையிலும் பெரியாற்றங்கரையில் உள்ள தட்டேக்காட்டிலும் கூடாரம் அடித்தார். விடியுமுன் கிளம்பிவிடுவார். கொண்டு வந்த பறவைகளை அன்றைக்கே தோலுரித்துப் பஞ்சடைத்து, சீட்டெழுதிக் கட்டி, குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் கெட்டுவிடும். பறவையை நேசித்தவர் பறவையைச் சுட்டாரா என்று கேட்கலாம். சுட்டார். அந்தக் காலத்தில் ஆராய்ச்சிக்கு அதுவே முறை. அவர் அதை மறைத்ததும் இல்லை. தட்டேக்காட்டைப் பற்றி அவர் எழுதி வைத்தது ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பயன்பட்டது. 1983-ல் அது பறவைகள் சரணாலயம் ஆயிற்று.

இந்தக் கூடார வாழ்க்கையில் தெஹ்மினாவும் கூடவே இருந்தார். 1939-ல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் இறந்துவிட்டார். குழந்தைகள் இல்லை. பாந்த்ராவில் பாலி ஹில்லில் இருந்த சகோதரி வீடே பிறகு சலீம் அலியின் வீடாயிற்று. மறுமணம் செய்துகொள்ளவில்லை. பயணம் மட்டும் நிற்கவில்லை. 1945-ல் மலைப்பாதை ஏறிக் கைலாசம், மானசரோவர் போய் வந்தார். சாமி கும்பிடப் போனவர்கள் நடுவில் பறவை பார்க்கப் போனவர் அவர். கட்ச் பாலையில் பூநாரைகள் லட்சக்கணக்கில் கூடு கட்டும் இடத்தையும் பார்த்தார். பிற்பாடு சிக்கிம், பூட்டான் மலைகளும் அவர் காலடியில் பட்டன.

மோட்டார் சைக்கிள் மோகம்

பறவைக்கு அடுத்தபடி அவருக்கு உயிர் மோட்டார் சைக்கிள். தவாயில் ஓட்டிய ஜெர்மன் வண்டியில் தொடங்கி, ஹார்லி டேவிட்சன், டக்ளஸ், ஸ்காட் என்று பல வண்டிகள் வைத்திருந்தார். 1950-ல் ஸ்வீடன் நாட்டு உப்சாலாவில் பறவையியல் மாநாடு. தம்முடைய சன்பீம் வண்டியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய், ஐரோப்பா நெடுக அதிலேயே ஓட்டிச் சென்று மாநாட்டில் இறங்கினார். ஜெர்மனியின் கல் பாவிய சாலைகளில் பல தடவை விழுந்தார். இந்தியாவிலிருந்தே ஓட்டி வந்துவிட்டார் என்று மாநாட்டில் பேச்சு பரவியது. அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது.

1941-ல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல், படத்தைப் பார்த்துப் பறவையின் பெயரைச் சாதாரண மனிதனும் கண்டுபிடிக்க வழி செய்தது. நேரு அதை மகள் இந்திராவுக்குக் கொடுத்தார். ரிப்ளி என்ற அமெரிக்கருடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வந்தன. பட்டம் இல்லாதவருக்கு அலிகர், டெல்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் கொடுத்தன. 1976-ல் பத்ம விபூஷண். 1985-ல் ராஜ்யசபை நியமன உறுப்பினர்.

அவர் நினைத்தது எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பரத்பூர் ஏரியில் மாடு மேய்ப்பதைத் தடுக்க வேண்டும் என்ற பக்கம் அவர் நின்றார். 1982-ல் தடை வந்தது. தகராறில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து கிராமத்து மக்கள் இறந்தார்கள். பின்னர் அவருடைய கழகமே பல ஆண்டுகள் ஆராய்ந்து, எருமைகள் மேய்ந்ததால்தான் புல் மண்டாமல் இருந்தது, பறவைகளுக்கு அதுவே நல்லது என்று கண்டது. காட்டோரத்து ஏழைக்கும் காட்டைப் பற்றி ஏதோ தெரியும் என்பது தாமதமாகத்தான் புரிந்தது.

வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரை அவருக்குப் பிடித்த இடங்களில் ஒன்று. 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அங்கே, கடல் கடந்து வரும் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடும் வேலையைக் கழகம் நடத்திற்று. 1987-ல், தொண்ணூறு வயதில், பம்பாயில் காலமானார். 1990-ல் கோவை பக்கம் ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வாசகர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். சி.எஸ்.எம்.டி.யில் இறங்கிக் கோட்டைப் பகுதி வழியாக நடந்தால், அவருக்கு வேலை கொடுத்து எடுத்த மியூசியம் இருக்கிறது. பக்கத்திலேயே, லயன் கேட்டுக்கு எதிரில், இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஹார்ன்பில் ஹவுஸ். அவர் சீட்டெழுதிக் கட்டிய பறவைகள் அங்கே இழுப்பறைகளில் இருக்கின்றன.