காட்டைப் படித்த கார்பெட்

இமயமலைச் சாரலில் குமாயூன் என்னும் மலைநாடு உள்ளது. அந்நாட்டின் ஏரி நகரமாகிய நைனிதாலில், அஞ்சல் நிலைய அதிகாரியாயிருந்த கிறிஸ்டபர் கார்பெட் என்பவருக்கு 1875 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25 ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. எட்வர்டு ஜேம்ஸ் என்பது அம்மகவின் பெயர். உலகம் பின்னாளில் அவரை ஜிம் கார்பெட் என்று அறிந்தது.

கார்பெட் ஆறு வயதை எட்டுமுன்னரோ எட்டியவுடனோ தந்தையை இழந்தார். பெரிய குடும்பத்தைப் பேணும் பொறுப்பு அன்னையைச் சேர்ந்தது. நைனிதாலில் குளிர்காலம் கொடியது. ஆதலின் அக்குடும்பம் ஆண்டுதோறும் மலையடிவாரத்துக் காலாதுங்கிக்கு வந்து தங்கும். வீட்டு வாயிலைக் கடந்தால் காடுதான். சிறுவர் கார்பெட் அக்காட்டினுள் ஓசையின்றி நடக்கப் பழகினார். மான் எதைக் கண்டு கத்துகிறது, குரங்கு எதற்காக அலறுகிறது என்பவற்றைக் கேட்டே உணர்ந்தார். புழுதியில் பதிந்த அடிச்சுவட்டைக் கண்டால் போதும். சென்றது ஆண்புலியா பெண்புலியா, சென்று எவ்வளவு நேரமாயிற்று என்று அவரால் கூற முடிந்தது. புலியைப்போலவே குரல் கொடுத்துப் புலியை அழைக்கவும் கற்றார். இக்கல்வியைப் பள்ளி எதுவும் அவருக்கு அளிக்கவில்லை.

இளமையிலேயே இரயில்வேப் பணியில் சேர்ந்து, கங்கைக் கரையிலுள்ள மொகாமே காட் என்னுமிடத்தில் சரக்குகளை ஏற்றி இறக்கும் வேலையைப் பல்லாண்டுகள் நடத்தினார். அவரது புகழ் அங்கு வளர்ந்ததன்று. 1907 ஆம் ஆண்டில் சம்பாவத் வட்டாரத்தில் ஒரு பெண்புலி மக்களை நடுங்க வைத்தது. நேபாளத்திலும் குமாயூனிலுமாக 436 பேரை அது கொன்றிருந்தது. பட்டப்பகலிலும் கதவைத் திறக்க ஊரார் அஞ்சினர். கார்பெட் அப்புலியைச் சுட்டு வீழ்த்தினார். உருத்திரப்பிரயாகையில் எட்டாண்டுக் காலம் யாத்திரிகர்களை அச்சுறுத்தி 125 பேரைக் கொன்ற சிறுத்தையும் 1926 இல் அவர் கையால் மடிந்தது. மலைநாட்டு மக்கள் அவரைத் தம் காவலராகவே கருதினர்.

ஆயினும், கொன்ற விலங்கை ஆராயாமல் அவர் விட்டதில்லை. சம்பாவத் புலியின் வலப்பக்கக் கோரைப் பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. முக்தேசர்ப் புலி முள்ளம்பன்றியுடன் போரிட்டு ஒரு கண்ணை இழந்திருந்தது. அதன் முன்னங்காலில் முட்கள் தைத்துக் கிடந்தன. இயல்பான இரையைப் பிடிக்க இயலாத புலியே மனிதனை நாடுகிறது என்பதைக் கார்பெட் இவற்றால் தெளிந்தார். குறி தவறிய வேட்டைக்காரனின் குண்டே சில வேளைகளில் ஓர் ஊரின் துயரத்துக்குக் காரணமாயிற்று.

அக்காலத்தில் சாம்பியன் என்னும் வனத்துறை அதிகாரி புதுமுறை ஒன்றைக் கையாண்டு வந்தார். புலி நடக்கும் வழியில் மெல்லிய கம்பியைக் கட்டிவைப்பார், இரவில் புலி அதைத் தொட்டதும் ஒளி பளிச்சிடும், படம் பதிவாகிவிடும். புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது எனலாம். இப்படங்கள் 1927 இல் நூலாக வெளிவந்தன. இவற்றால் ஊக்கமுற்ற கார்பெட்டும் சலனப்படக் கருவியைக் கையிலெடுத்தார். பகல் ஒளியில், இயற்கையாக நடமாடும் புலியைப் படம்பிடிக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

அது எளிதாயில்லை. துப்பாக்கிக்கு ஒரு நொடி போதும். படக்கருவிக்கோ நெடுநேரம் வேண்டும். மேலும் கருவி சுழலும் ஓசையைக் கேட்டவுடன் புலி மறைந்துவிடும். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் காடுகாடாக அலைந்தும் மனம் நிறையும் படம் கிட்டவில்லை. முடிவில் ஓர் உபாயம் கண்டார். காட்டோடை ஒன்றில் கற்களை அடுக்கி, நீர் சிறுசிறு அருவிகளாக விழுமாறு செய்தார். அவ்வருவிகளின் சலசலப்பில் கருவியின் ஓசை அடங்கிற்று. அங்கே மறைந்து அமர்ந்து, மாதக்கணக்கில் காத்திருந்து, பல புலிகளை மிக அருகிலேயே படம்பிடித்தார். அவற்றுள் ஒன்றேனும் காயமுறவில்லை.

இதனால் அவர் துப்பாக்கியை அறவே துறந்துவிட்டார் என்று எண்ணலாகாது. பவல்கர் காட்டில் வாழ்ந்த, யாருக்கும் தீங்கிழையாத பெரும்புலி ஒன்றை 1930 இல் அவரே சுட்டார். அரசப் பிரதிநிதிக்கு வேட்டை ஏற்பாடு செய்தும் கொடுத்தார். பழைய பழக்கம் ஒரே நாளில் ஒருவரை விட்டு நீங்குவதில்லை போலும். எனினும் புலிகள் அருகி வருவதை அவர் கண்ணாரக் கண்டார்; பள்ளிகளிலும் மன்றங்களிலும் படங்காட்டி, காட்டுயிர்களுக்காகப் பேசினார். 1936 ஆம் ஆண்டில் இராமகங்கை ஆற்றுப் பள்ளத்தாக்கில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்தபோது, அதற்குத் துணைநின்றவருள் அவரும் ஒருவர். ஆளுநர் ஹெய்லியின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1944 இல் வெளிவந்த 'குமாயூன் ஆட்கொல்லிப் புலிகள்' என்னும் நூல் அவர் பெயரை உலகெங்கும் பரப்பிற்று.

1947 இறுதியில் கார்பெட் தம் தமக்கை மேகியுடன் கென்யா நாடு சென்று, நையேரி என்னும் ஊரில் குடியேறினார். அவ்வூரை அடுத்த காட்டில் பெரிய அத்திமரத்தின்மேல் ஒரு விடுதி கட்டப்பட்டிருந்தது. பயணிகள் மாலையில் ஏணிவழியே ஏறி, பேச்சடக்கி அமர்ந்து, கீழேயுள்ள நீர்நிலைக்கு வரும் யானைகளையும் காண்டாமிருகங்களையும் விடியும்வரை காண்பர். 1952 பிப்ரவரி 5 ஆம் நாள் இங்கிலாந்து இளவரசி எலிசபெத் அங்கு வந்தபோது கார்பெட் உடன் சென்றார். எழுபத்தாறு வயதான அம்முதியவர் அன்றிரவு ஏணியின் தலைப்பில் காவலிருந்தார். அவ்விரவிலேயே மன்னர் காலமானார். மரத்தின்மேல் இருந்தபோதே, தாம் அறியாமலே, இளவரசி அரசியாகிவிட்டார்.

1955 ஏப்ரல் 19 ஆம் நாள் கார்பெட் நையேரியில் உயிர் நீத்தார். அவர் மறைவுக்குப் பின்னர் இராமகங்கைக் கரைப் பூங்காவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1968 இல் இந்தோசீனப் புலியின் அறிவியற்பெயரிலும் அவர் பெயர் இடம்பெற்றது. புலிகளைக் காக்கும் தேசியத் திட்டம் 1973 ஏப்ரல் முதல் நாள் அப்பூங்காவிலேயே தொடங்கப்பெற்றது. அங்கே திக்காலாப் புல்வெளியை நோக்கி ஒரு காவற்கோபுரம் நிற்கிறது. வெளியூர்களிலிருந்து வரும் மக்கள் அதன்மேல் ஏறி, மான் கத்தும் திசையை உற்றுநோக்கிக் காத்திருக்கின்றனர்.