டி. வி. சுந்தரம் அய்யங்கார்

டி. வி. சுந்தரம் அய்யங்கார் (மார்ச் 22, 1877 – ஏப்ரல் 28, 1955) தென்னிந்திய மோட்டார் போக்குவரத்தின் முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு இவர் நிறுவிய டி. வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் என்னும் நிறுவனமே பின்னாளில் டி.வி.எஸ். குழுமமாக வளர்ந்தது. பொதுமக்களிடையே இவர் பேருந்து முதலாளியாகவே பெரிதும் அறியப்படுகிறார். ஆயினும் வெளிநாட்டு வண்டிகளுக்கு வேண்டிய உதிரிப் பாகங்களையும் பழுது நீக்கும் பணிமனைகளையும் தெற்கு மாவட்டங்களுக்குக் கொண்டு சேர்த்ததே இவரது பணிகளுள் நீடித்த பயனுடையது எனலாம்.

இளமை

சுந்தரம் அய்யங்கார் திருநெல்வேலி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். இவர் பெயரின் முதல் எழுத்து அவ்வூரைக் குறிப்பதாகும். சட்டம் பயின்று வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய இவர், பின்னர் இரயில்வேயிலும் அதன்பின் வங்கி ஒன்றிலும் பணியாற்றினார். இவற்றுள் எதிலும் நீண்டகாலம் நிலைக்கவில்லை. முப்பது வயதைக் கடந்த பின்னர் ஊதிய வேலையைத் துறந்து சொந்தத் தொழிலில் இறங்கினார். குடும்பத்தில் எவரும் முன்பு செய்திராத தொழிலை, அதுவும் மோட்டார் வண்டி என்பதே பலருக்கு வேடிக்கைப் பொருளாக இருந்த காலத்தில், இவர் தேர்ந்தெடுத்தது துணிவான செயலாகும்.

பேருந்துத் தொழில்

1911 ஆம் ஆண்டு இவரது நிறுவனம் தோன்றியது. 1912 இல் மதுரையில் பேருந்துச் சேவையைத் தொடங்கினார். அக்காலச் சாலைகள் மாட்டு வண்டிகளுக்காக அமைந்தவை. கப்பிக்கல் பரப்பிய சாலையில் இரும்புப் பட்டை அடித்த வண்டிச் சக்கரங்கள் ஓடி ஓடி இரு பக்கமும் ஆழமான தடங்கள் விழுந்திருக்கும். மாடுகளின் குளம்பிலிருந்து கழன்று விழுந்த இலாட ஆணிகள் சாலையெங்கும் கிடந்து, காற்றடைத்த டயர்களைக் குத்திப் பாழாக்கின. பேருந்துகளுக்கு முன்னே காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை ஓடவிட்டு இவ்வாணிகளை அகற்றச் செய்தார் என்பது இவரைப் பற்றி மிகுதியாகச் சொல்லப்படும் செய்தியாகும். டி.வி.எஸ். பேருந்து வருவதைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வர் என்பதும் அத்தகையதே. இவ்விரண்டிலும் சற்று மிகை கலந்திருக்கலாம். ஆனால் நேரம் தவறாமை என்பது ஓட்டுநரின் கையில் மட்டும் இருப்பதன்று. வழியில் நின்றுவிடாத வண்டி வேண்டும். ஆணியைப் பொறுக்கிய கதையும் கடிகாரத்தைத் திருத்திய கதையும் உண்மையில் பராமரிப்பு என்னும் ஒரே செய்தியின் இரு பக்கங்களாகும்.

இவரது பேருந்துகளும் சரக்குந்துகளும் பிற்காலத்தில் சதர்ன் ரோடுவேஸ் லிமிடெட் என்னும் பெயரில் இயங்கின.

மதுரை மாவட்டத்தின் மேற்குச் சாலைகள்

இன்றைய தேனி மாவட்டம் அப்போது மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியாக இருந்தது (தேனி தனி மாவட்டமாக அறிவிக்கப்பட்டது 1996 இல்தான்). 1895 இல் முல்லைப் பெரியாறு அணை பயன்பாட்டுக்கு வந்தபின் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் வேளாண்மை பெருகியது. மலைமேல் ஏலம், தேயிலை, காப்பித் தோட்டங்கள் விரிந்தன. போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிக மையமாயிற்று. விளைந்த பொருள் மதுரைக்குப் போக வேண்டும். தோட்டத்துக்கு ஆளும் அரிசியும் மேலே வர வேண்டும்.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928 இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதுவும் இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களில்தான் மீண்டும் அமைக்கப்பட்டது. தேனிக்குத் தெற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களுக்கு இருப்புப்பாதை வரவே இல்லை. ஆகவே பள்ளத்தாக்கின் வாழ்வு சாலையையே நம்பியிருந்தது. இச்சாலைகள் வண்டியைக் கடுமையாகச் சோதிப்பவை. தேனி முதல் லோயர் கேம்ப் வரை ஏறத்தாழச் சமவெளி. அங்கிருந்து குமுளிக்கு மலையேற்றம். போடியிலிருந்து போடிமெட்டுக்கு இன்னும் செங்குத்தான கொண்டை ஊசி வளைவுகள். பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு நடந்தோ, மட்டக்குதிரையிலோ, டோலியிலோ ஏறிய பழைய வழக்கம், வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலை 1916 இல் திறக்கப்பட்ட பிறகே குறையத் தொடங்கியது.

உதிரிப் பாகங்கள்

அக்காலத்தில் இந்தியாவில் ஓடிய மோட்டார் வண்டிகள் அனைத்தும் அயல்நாட்டுப் படைப்புகள். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 இல் பம்பாயில் தொழிற்சாலை தொடங்கியபோதும், கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கும் வேலையே அங்கு நடந்தது. ஒரு பாகம் உடைந்தால் அதற்கு மாற்று கடல் கடந்து வர வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பவே சுந்தரம் அய்யங்கார் சென்னையில் மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்களை ஏற்படுத்தினார். சுந்தரம் மோட்டார்ஸ் 1950களில் ஜெனரல் மோட்டார்சின் மிகப்பெரிய விநியோகிப்பாளராக விளங்கியது.

உதிரிப் பாக வணிகத்தில் பாகம் கிடைப்பதைவிடச் சரியான பாகம் கிடைப்பதே கடினம். பொது வழக்கில் ஷாக் அப்சார்பர் எனப்படும் அதிர்வுத் தாங்கியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வண்டியின் எடையைத் தாங்குவது வில். அதிர்வுத் தாங்கியின் வேலை வேறு: பள்ளத்தில் இறங்கிய வில் மீண்டும் மீண்டும் துள்ளாமல் அடக்குவதே அது. தொடக்க கால வண்டிகளில் இக்கருவியே கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அமெரிக்காவில் உராய்வுத் தகடுகள் கொண்ட ஆர்ட்ஃபோர்டு வகையும், வார்ப்பட்டை சுற்றிய கேப்ரியல் வகையும் விற்பனைக்கு வந்தன. பிரான்சில் மோரிசு ஊதாய் என்பவர் எண்ணெயால் இயங்கும் வகையை உருவாக்கினார். 1930களின் செவர்லே வண்டிகளில் பெரும்பாலும் நெம்புகோல் வகை பொருத்தப்பட்டது. இதில் எண்ணெய் நிரம்பிய வார்ப்பிரும்புப் பெட்டி சட்டகத்தில் முடுக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து நீளும் ஒரு கை, சிறு இணைப்புத் தண்டு வழியாக அச்சுடன் சேரும். சக்கரம் ஏறி இறங்கும்போது கை அசைந்து, உள்ளிருக்கும் எண்ணெயைச் சிறு துளை வழியே தள்ளும். அந்த எதிர்ப்பே துள்ளலை அடக்குகிறது.

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரு தாங்கிகள் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகா. இடப்பக்கத்துக்கு உரியதை வலப்பக்கம் பூட்டினால், மேலே எழும்போது தர வேண்டிய எதிர்ப்பைக் கீழே இறங்கும்போது தரும். கையின் நீளம் மாறினால் அடக்கும் விசையும் மாறும். பிற்காலத்தில் பரவிய குழல் வகையில் வேறு இடர்கள் உண்டு. முழுதும் சுருங்கிய நீளம் தேவைக்கு மிகுந்திருந்தால், அச்சு இரப்பர்த் தடுப்பில் மோதும் முன்பே தாங்கி அடிமுட்டி வளையும். முழுதும் விரிந்த நீளம் குறைந்திருந்தால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது தாங்கியின் கண் பிய்ந்துவிடும். மேல்முனையில் கண் உள்ளதா, திருகுத் தண்டு உள்ளதா என்பதும் வண்டிக்கு வண்டி வேறுபடும். எனவே வண்டியின் பெயரை மட்டும் சொல்லிப் பாகம் கேட்பது பயனற்றது. ஆண்டு, சட்டக எண், முன்னா பின்னா, இடமா வலமா என அனைத்தும் தெரிந்தாக வேண்டும். தேய்ந்தது ஒன்றே ஆயினும் ஓர் அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தவறான தாங்கியுடன் குமுளி மலைச்சாலையில் இறங்கும் பேருந்தின் சக்கரம் வளைவில் தரையைவிட்டுத் துள்ளும். துள்ளும் சக்கரத்தில் பிரேக் பிடிக்காது. பயணிகளின் உயிர் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் பாக எண்ணைப் பொறுத்து அமைந்தது என்றால் அது மிகையாகாது.

நிறுவனத்தின் சொந்தப் பேருந்துகளே அதன் முதல் வாடிக்கையாளர்கள் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. எந்தப் பாகம் எச்சாலையில் எத்தனை நாள் தாங்கும் என்பதை ஏட்டின் மூலம் அன்றி, தம் வண்டிகளின் தேய்மானத்தின் மூலமே அறியும் வாய்ப்பு அதனால் கிடைத்தது. வண்டியை மட்டும் விற்றுவந்த வணிகர்களுக்கு இவ்வாய்ப்பு இல்லை.

போர்க்காலம்

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கீட்டு முறைக்கு உட்பட்டது. கப்பல் போக்குவரத்து தடைப்பட்டதால் உதிரிப் பாகங்களும் அரிதாயின. இந்நெருக்கடியில் சுந்தரம் அய்யங்கார் டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்னும் கரிவளிக் கருவியை வடிவமைத்துத் தயாரித்தார். உருளை வடிவ உலையில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, கார்பன் மோனாக்சைடும் ஐதரசனும் கலந்த வளியை உண்டாக்கி, அதைக் குளிர்வித்து வடிகட்டி எஞ்சினுக்குச் செலுத்துவதே இதன் முறை. பெட்ரோலில் கிடைத்த ஆற்றல் இதில் கிடைக்காது. புறப்படும் முன் உலையை மூட்டி விசிறியால் ஊதிக் காத்திருக்க வேண்டும். மலையேற்றத்தில் வண்டி திணறும். உலையின் எடையையும் வில்லே சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது. இவ்வளவு குறைகள் இருந்தும், போடிப் பாதை பெயர்க்கப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில் சாலைப் போக்குவரத்து நின்றுபோகாமல் காத்தவற்றுள் கரிவளி வண்டிகளுக்கு முக்கிய இடமுண்டு. தேய்ந்த டயர்களுக்குப் புதிய இரப்பர் ஒட்டும் தொழிற்சாலையையும் இவர் தொடங்கினார்.

குடும்பம்

இவருக்கு ஐந்து மகன்களும் மூன்று மகள்களும் பிறந்தனர். மகன்களுள் டி. எஸ். ராஜம், டி. எஸ். சந்தானம், டி. எஸ். சீனிவாசன், டி. எஸ். கிருஷ்ணா ஆகியோர் தொழிலை விரிவுபடுத்தினர். மகள் டி. எஸ். சௌந்தரம் (1904–1984) இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். தில்லியில் மருத்துவம் பயின்று, 1940 இல் காந்தியின் முன்னிலையில் ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். குடும்பத்தார் இத்திருமணத்துக்கு முதலில் உடன்படவில்லை. இவ்விருவரும் 1947 இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினர். சௌந்தரம் பின்னர் மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சராகவும் பதவி வகித்தார்.

இறுதிக் காலம்

சுந்தரம் அய்யங்கார் தாமாகவே தொழிலிலிருந்து விலகி, பொறுப்பை மகன்களிடம் ஒப்படைத்தார். இதே காலத்தில் இந்திய மோட்டார் தொழிலில் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமின்றி வண்டிகளைப் பூட்டி மட்டும் விற்கும் நிறுவனங்கள் இந்தியாவில் தொடரலாகாது என நடுவண் அரசு 1953 இல் முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் 1954 இல் வெளியேறின. இம்முடிவு நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் செவர்லே, பியூக், ஃபோர்டு வண்டிகளை வைத்திருந்தோர் பாகங்களுக்குத் திண்டாட நேர்ந்தது. நெம்புகோல் வகைத் தாங்கிகள் கழற்றப்பட்டு, எண்ணெயும் அடைப்பு வளையங்களும் மாற்றப்பட்டு, மீண்டும் பூட்டப்பட்டன. அவை முற்றிலும் தேய்ந்தபோது வேறு வண்டியின் தாங்கியை, பிடிமானத்தை வெட்டி ஒட்டிப் பொருத்தும் வழக்கம் பணிமனைகளில் பரவியது. பழைய மகிழுந்துகளைச் சேகரிப்போர் இன்று எதிர்கொள்ளும் சிக்கல்களுள் சில இக்காலத்து ஒட்டுவேலைகளிலிருந்து வந்தவையே. சட்டகத்தில் உள்ள துளைகள் மூல அளவில் இல்லாததால், சரியான பாகம் கிடைத்தாலும் அது பொருந்துவதில்லை.

1954 இல் இவரது குடும்பத்தார் இந்தியா மோட்டார் பார்ட்ஸ் அண்டு அக்செசரீஸ் என்னும் உதிரிப் பாக நிறுவனத்தைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று அதிகாலையில் சுந்தரம் அய்யங்கார் கொடைக்கானலில் உள்ள தம் இல்லத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 78.

மறைவுக்குப் பின்

இறக்குமதி செய்து விற்ற பாகங்களை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் முயற்சி மகன்களின் காலத்தில் நடந்தேறியது. வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் பாசனர்ஸ் ஆகியவை 1960களில் உற்பத்தியில் இறங்கின. சக்கரம், மின்கருவி, பிரேக், திருகாணி எனப் பலவும் தமிழகத்திலேயே கிடைக்கலாயின. அதிர்வுத் தாங்கிகளை 1961 இல் பம்பாயில் தொடங்கப்பட்ட கேப்ரியல் இந்தியா நிறுவனம் தயாரித்தது. இந்நிறுவனம் டி.வி.எஸ். குழுமத்தைச் சேர்ந்ததன்று.

பேருந்துகளை நாட்டுடைமையாக்கும் கொள்கையின்படி 1972 இல் சதர்ன் ரோடுவேசின் மதுரைப் பேருந்துகளைத் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. அவற்றைக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. தேனி, கம்பம் பகுதிகளின் அரசுப் பேருந்துகளும் அக்கழகத்தின் கீழ் வந்தன. 1997 இல் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (மதுரை) எனப் பெயர் மாற்றம் பெற்றது.